இருநூற்று இருபது, ஐந்து, ஒன்று

மன்சனிய்யோ துறைமுகத்து அரசாங்க மீன் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் சொய்லா வெர்தேசியாவுக்குப் பத்தொன்பது வயதில் கண் போனது. இப்போது நாற்பத்தாறு. இதில் இருபத்துநான்கு வருடமாக அதே நாற்காலி. யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களைச் சேர்த்துவைப்பது அவள் வேலை. அவளைக் குருடி என்று முகத்துக்கு நேரே சொன்னவன் ஒரே ஒருத்தன்தான், ஐஸ் ஃபேக்டரி ஃபோர்மேன். அதன் பிறகு ஒரு மாதம் அவன் எந்த நம்பர் கேட்டாலும் லைன் பிஸியாகவே இருந்தது. அப்புறம் வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

எண்ணூறு நம்பர் அவள் தலைக்குள்ளேயே இருந்தது. மிச்சமெல்லாம் மேஜைமேல் இருந்த பழைய கம்ப்யூட்டரில். திரையில் என்ன வந்தாலும் அது வாய்விட்டு வாசிக்கும். வாசிப்பது ஸ்பெயின் தேசத்து ஆண்குரல். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிற குரல். ஸ்பெயினின் தலைநகர் பேரில் ஆபீஸ் முழுக்க அதற்கு மாத்ரித்காரன் என்று பெயர். "உன் புருஷன் போனான், மாத்ரித்காரன் வந்தான். இவனாவது சொன்ன பேச்சு கேக்குறான், விடாதடி" என்பாள் காபி போடுகிற எல்பா. சொய்லாவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "இவன் ராத்திரி குறட்டையும் விடுறதில்ல" என்பாள்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து இரண்டு உத்தரவு சேர்ந்தாற்போல வந்தது. முதலாவது, அரசாங்க ஆபீஸ்களில் எல்லாக் கம்ப்யூட்டரும் காசில்லாமல் கிடைக்கிற புது சிஸ்டத்துக்கு மாற வேண்டும். இரண்டாவது, ஆட்கள் அதிகம், குறைக்க வேண்டும். யார் இருக்கலாம் யார் போகலாம் என்று பார்க்க மூன்று பேர் கொண்ட தகுதிக் குழு. இரண்டு உத்தரவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார் டைரக்டர் தோர்னெஸ்: புது சிஸ்டத்தில் வேலை செய்யத் தெரிந்தவருக்குத் தகுதி உண்டு, தெரியாதவருக்கு இல்லை. சொய்லாவின் முறை திங்கட்கிழமை காலை பத்து மணி.

தோர்னெஸ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு பட்டியல் அனுப்ப வேண்டும், அதில் பெயர்கள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலி போனால் சொய்லாவுக்கு அந்த ஊரில் வேறு நாற்காலி கிடையாது. வீட்டில் உட்காரவைத்து ஏதோ கொஞ்சம் உதவித்தொகை கொடுப்பார்கள். பாவம் என்று ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் அவள் பயந்தாள். இருபத்துநான்கு வருடமாக அந்தச் சொல்லைத் தன் மேஜைப் பக்கம் அண்டவிடாமல் வைத்திருந்தவள் அவள்.

கம்ப்யூட்டர் ஆள் யோர்தானிஸ் அந்த வாரம்தான் அவள் மெஷினில் புது சிஸ்டத்தைப் போட்டான். பழையதை அழிக்கவில்லை, மாதக் கடைசிவரை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆன் செய்தவுடன் பத்து நொடி நிற்கும். கீபோர்டில் கீழே போகிற அம்புப் பொத்தானை ஒரு தட்டு தட்டினால் பழையது வரும், சும்மா விட்டால் புதியது வரும். பழையதில் மாத்ரித்காரன் வழக்கம்போல வாயடித்தான். புதியதிலோ மூச்சுப்பேச்சில்லை. திரை தெரிகிறதாம், எழுத்து தெரிகிறதாம், எல்லாம் அம்சமாக இருக்கிறதாம். சத்தம் மட்டும் இல்லை. கண் இல்லாதவளுக்குச் சத்தமும் இல்லாத கம்ப்யூட்டர் வெறும் தகரப் பெட்டி.

மூன்று நாள் யோர்தானிஸ் மல்லுக்கட்டினான். வியாழக்கிழமை சாயங்காலம் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன். சவுண்ட் கார்டுக்கு டிரைவர்னு எந்தெந்த ப்ரோக்ராம் உண்டோ எல்லாத்தையும் போட்டாச்சு. கார்டு இருக்குதுன்னு சிஸ்டமே சொல்லுது. ஆனா பேச மாட்டேங்குது."

"எந்தக் கார்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கோப்புல இருக்கே. போர்டோட சேந்து வந்த கார்டு."

"மெஷினக் கேட்டியா?"

"மெஷின எதுக்குக் கேக்கணும், கோப்பு இருக்கும்போது? சீல் அப்படியே இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி நானே கையெழுத்துப் போடுறேன்."

இந்த சீல் சங்கதியைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டியின் விளிம்பிலும் காகித சீல் ஒன்று ஒட்டியிருக்கும், கையெழுத்தும் தேதியும் போட்டு. உள்ளே இருக்கிற மெமரி, டிஸ்க், கார்டு எதையும் யாரும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாதே. சீலைக் கிழிக்க மூன்று பேர் கூடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதற்கு மெஷினுக்கு ஒரு அட்டைக் கோப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோப்பை எடுத்துவந்து, 'உள்ளே உள்ளது யாவும் கோப்பில் உள்ளபடி' என்று கையெழுத்துப் போடுவார்கள். சீலைக் கிழிக்காமல் உள்ளே எப்படிப் பார்ப்பது? பார்க்க மாட்டார்கள். சீல் முழுசாக இருந்தால் உள்ளேயும் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தீவு முழுக்க அப்படித்தான் நடக்கிறது, யாரும் செத்துப்போய்விடவில்லை.

"சரி, இப்ப என்ன பண்ணப் போறே?" என்று கேட்டாள் சொய்லா.

"டைரக்டருக்குக் குறிப்பு எழுதிட்டேன். இந்த மெஷினுக்கும் புது சிஸ்டத்துக்கும் ஒத்துவராதுன்னு." கொஞ்சம் தயங்கினான். "மன்னிச்சிருங்கக்கா. வேற வழி தெரியல."

அவன் போன பிறகும் சொய்லா தன் வேலையைப் பார்த்தாள். லைன் கேட்டவர்களுக்கு லைன் கொடுத்தாள். ஒத்துவராதாம். ஒத்துவராதது மெஷினா நானா என்று திங்கட்கிழமை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவள் மெஷினை அணைத்து ஆன் செய்து, கீழே போகிற பொத்தானை ஒரு தட்டு தட்டினாள். மாத்ரித்காரன் வந்தான். அவள் அவனை மெனு மெனுவாக இழுத்துக்கொண்டு மெஷினின் உள் விவரப் பட்டியலுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை. சத்தம் சம்பந்தப்பட்ட வரியில் நிறுத்தினாள். அவன் ஒரு பெயர் வாசித்தான். கோப்பில் இருக்கிற பெயர் அல்ல அது. தனியாகச் சொருகுகிற ஆதிகாலத்துக் கார்டு ஒன்றின் பெயர்.

இன்னொரு முறை வாசிக்கவைத்தாள். அதே பெயர்தான். மேலும் உள்ளே போனாள். அந்தக் கார்டு மெஷினுக்குள் எந்த முகவரியில் குடியிருக்கிறது, எந்தக் கோட்டில் கூப்பிட்டால் எழுந்துவரும், எந்த வழியில் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் என்பதற்கெல்லாம் நம்பர் இருந்தது. மாத்ரித்காரன் கடகடவென்று ஒப்பித்தான்: இருநூற்று இருபது, ஐந்து, ஒன்று. நம்பர்களை மனப்பாடம் செய்ய அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு எழுந்து மெஷினின் பின்பக்கம் கையை விட்டாள். மேலே, கீபோர்டு வயருக்குப் பக்கத்தில், மூன்று ஓட்டை. அது போர்டோடு சேர்ந்த சவுண்டுக்கு. அதில் தூசுதான் இருந்தது. ஸ்பீக்கர் வயர் கீழே, தனிக் கார்டு சொருகுகிற வரிசையில் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மூன்று வருடம் முன்பு இடி விழுந்து மெஷின் ஊமையானது. அப்போதிருந்த கம்ப்யூட்டர் ஆள், இப்போது கடல் தாண்டிப் போய்விட்டவன், "கவலப்படாதீங்க, பேசவெச்சிட்டுத்தான் போவேன்" என்று ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தான். எங்கேயோ செத்துக் கிடந்த மெஷினிலிருந்து கார்டைப் பிடுங்கிச் சொருகி, மேலே புது சீல் ஒட்டிவிட்டான். புண்ணியவான், கோப்பில் மட்டும் எழுதவில்லை.

யோர்தானிஸ் சாப்பிட்டு வந்ததும் அவனை உட்காரவைத்து, மாத்ரித்காரனை வாசிக்கச் சொன்னாள். அவனுக்கு எப்போதும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற பழக்கம். செருப்பு தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். பெயரைக் கேட்டதும் அந்தத் தட்டல் நின்றது.

"நீ மூணு நாளா செத்துப்போன கார்டுக்கு மருந்து குடுத்துட்டிருந்திருக்கே தம்பி. உசுரோட இருக்கிறது இது. இதுக்கான டிரைவரப் போடு, பேசும்."

அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, இத வெளிய சொல்லாதீங்க."

"ஏன்?"

"எட்டுத் தடவ கையெழுத்துப் போட்டிருக்கேன். எல்லாம் கோப்புல உள்ளபடின்னு. இந்தக் கார்டு இங்க இருந்தா, வேற ஏதோ ஒரு மெஷின்ல இல்லைன்னு அர்த்தம். யார் எடுத்தான்னு கேப்பாங்க. எடுத்தவன் மயாமியில உக்காந்திருக்கான். இங்க உக்காந்திருக்கிறது நான்தான்."

"நான் சீலக் கிழிக்கச் சொல்லல. டிரைவரத்தான் போடச் சொல்றேன்."

"போட்டா எந்தக் கார்டுக்குப் போட்டேன்னு எழுதணும். எழுதினா மாட்டிக்குவேன். வேண்டாங்க்கா. ஒத்துவரலன்னே இருக்கட்டும். உங்களுக்கு எப்படியும் உதவித்தொகை வரும். எனக்கு ரெண்டு குழந்தைங்க."

சொய்லாவுக்குச் சுர்ரென்று ஏறியது. சட்டென்று வாயைத் திறந்தால் ஊரே கூடிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கதவைக் கைகாட்டினாள். அவன் போனான். கைப்பைக்குள் வைத்திருந்த மீன் சொருகிய ரொட்டியை அன்றைக்கு அவள் தொடவில்லை. எல்பாதான் தின்றாள், யோர்தானிஸை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டே.

சனிக்கிழமையும் டெலிபோன் அடிக்கும், ஆகவே சனிக்கிழமையும் சொய்லாவுக்கு வேலை உண்டு. ஆபீசில் அவளும் எல்பாவும் வாட்ச்மேனும்தான். காலை ஒன்பதுக்கு அவள் சந்தியாகோ நகரத்தைக் கூப்பிட்டாள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்து எக்ஸ்சேஞ்சில் எல்பிதியோ என்று ஒருவர். அவருக்கும் பார்வை கிடையாது. இருவரும் பதினெட்டு வருடமாகப் பேசிக்கொள்கிறார்கள், ஒருநாளும் நேரில் சந்தித்ததில்லை. ஆபரேட்டர்களின் உலகமே தனி. பயாமோ ஊரில் கூப்பிட்டால் ஒல்கின் ஊரில் லைன் திறக்கும். டைரக்டருக்கு இரண்டு நாள் கிடைக்காத லைன் ஆபரேட்டருக்கு இரண்டு நிமிடத்தில் கிடைக்கும்.

"என் ராசாத்தி, குரல் கம்மியிருக்கே. எவன் அடிச்சான்?" என்றார் எல்பிதியோ.

"அடிக்க வந்திருக்காங்க கிழவா. நீதான் கம்பு குடுக்கணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளோடு பழகிப் பழகி அந்தப் புது சிஸ்டத்தைக் கரைத்துக் குடித்தவர். கார்டின் பெயரைக் கேட்டதும் சிரித்தார்.

"அடேயப்பா, இன்னும் உசுரோட இருக்கா அது. அது ரொம்பப் பழசு பொண்ணே. புது சிஸ்டம் அதைத் தானாத் தேடாது. டிரைவர் உள்ளயே இருக்கு, ஆனா பேர் சொல்லிக் கூப்பிடணும், முகவரியும் குடுக்கணும். நம்பர் இருக்கா?"

"இருநூத்தி இருபது, அஞ்சு, ஒண்ணு."

"அப்ப முடிஞ்சது கல்யாணம். அட்மின் பாஸ்வேர்ட் யார்கிட்ட?"

அங்கேதான் இடித்தது. பாஸ்வேர்ட் யோர்தானிஸிடம்.

அவன் வீட்டில் டெலிபோன் இல்லை. பக்கத்து வீட்டில் உண்டு. சொய்லா கூப்பிட்டாள், அவர்கள் சுவருக்கு மேலே கத்திக் கூப்பிட, அவன் வந்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"யோர்தானிஸ், கேளு. குறுக்க பேசாத. நீ கையெழுத்துப் போட்டத நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. சத்தியமாச் சொல்றேன். ஆனா இந்த மெஷின்ல முடியாதுன்னு நீ எழுதிக் குடுத்திருக்கிறது பொய். பொய்னு வியாழக்கிழமை உனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். எட்டுப் பொய் மெஷின் பேர்ல போட்டாச்சு. ஒன்பதாவத என் பேர்ல போடாத."

எதிர்முனையில் பக்கத்து வீட்டு ரேடியோவில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு லைன் கட்டாயிற்று.

முக்கால் மணி நேரம் கழித்துச் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. எல்பா வாசலிலேயே மறித்துக்கொண்டு, "வாடா ராசா, வழி தெரிஞ்சுதா?" என்றாள். அவன் அவளைத் தாண்டி வந்து சொய்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் போட்டுத் தர்றேன் அக்கா. நம்பரச் சொல்லுங்க."

"கைய எடு."

"நான் திரையப் பாத்துச் சட்டுனு..."

"கைய எடுன்னு சொன்னேன். திங்கட்கிழமை நீ பக்கத்துல இருந்து பாத்துச் சொல்லப் போறியா? பாஸ்வேர்ட மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அவன் சொன்னான். எங்கள் மாகாணத்து பேஸ்பால் அணியின் பட்டப்பெயரும் அவன் பிறந்த வருடமும். "இத வெச்சா பூட்டினே?" என்று சிரித்தாள் எல்பா. "என் கோழிக்கூட்டுக்குக்கூட இதவிட நல்ல பூட்டு போட்டிருக்கேன்."

சொய்லா ஒரு காதில் டெலிபோனை மாட்டிக்கொண்டாள். எல்பிதியோ அந்தப் பக்கம் தொண்டையைக் கனைத்தார். மெஷினை ஆன் செய்து எதையும் தட்டாமல் விட்டாள். புது சிஸ்டம் வந்துவிட்டதா என்று எந்தக் குரலும் சொல்லவில்லை, டிஸ்க் சுற்றுகிற இரைச்சல் அடங்கியதை வைத்துத்தான் கணக்குப் பண்ணினாள்.

"கேளு ராசாத்தி," என்றார் எல்பிதியோ. "மெஷினுக்குள்ள குட்டியா ஒரு விசில் இருக்கு. அதுக்குக் கார்டு வேண்டாம், பொறக்கும்போதே வெச்சது. நீ அடிக்கிற ஒவ்வொரு வரிக்கும் கடைசியில நான் சொல்ற துண்ட வால் மாதிரி ஒட்டு. வேலை நடந்தா விசில் ஒருவாட்டி பிப்புங்கும். நடக்கலன்னா கம்முனு இருக்கும்."

வாலை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவள் அடித்தாள். பாஸ்வேர்டை அடித்தாள். பிப். எல்பா, "ஆத்தாடி" என்றாள்.

பிறகு டிரைவரின் பெயர். பிறகு முகவரி இருநூற்று இருபது, கோடு ஐந்து, வழி ஒன்று. பிறகு வால். என்டரைத் தட்டினாள்.

விசில் அடிக்கவில்லை.

மறுபடி அடித்தாள். இல்லை. மூன்றாம் முறை ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லிச் சொல்லி அடித்தாள். இல்லை. பக்கத்தில் யோர்தானிஸின் செருப்பு தரையில் தட்ட ஆரம்பித்தது. அவன் கண்ணுக்கு என்ன தப்பென்று தெரிகிறது, வாய் துடிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. "வாயத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றாள் அவனிடம். டெலிபோனில், "கிழவா, நடக்கல" என்றாள்.

"என்ன அடிச்சே, சொல்லு."

அவள் சொன்னாள்.

"இருநூத்தி இருபதுக்கு முன்னால ஒரு சைபர், ஒரு எக்ஸ் போட்டியா?"

"நீ சொல்லவே இல்லையே."

"சொல்லலையா?"

"இல்ல."

"அது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"உன்ன என்னிக்காவது நேர்ல பாத்தா முதல்ல ஒரு அறை, அப்புறந்தான் முத்தம்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்ப அடித்தாள். சைபர், எக்ஸ், இருநூற்று இருபது. ஐந்து. ஒன்று. வால். என்டர்.

பிப்.

ஆனால் ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. எல்பிதியோ சொன்ன சோதனை வரியை அடித்தாள். விசில் பிப்பென்றது, ஸ்பீக்கர் அப்படியே கிடந்தது. சொய்லாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு தூரம் வந்து இதுவா.

"பதறாத," என்றார் அவர். "இந்த சிஸ்டம் கார்டப் பெத்துப்போடும்போதே வாயப் பொத்தித்தான் பெத்துப்போடும். கார்டு எழுந்திருச்சாச்சு. வால்யூம் சைபர்ல இருக்கு. வாயில இருக்கிற கைய எடுத்துவிடணும்."

இன்னொரு வரி சொன்னார். அவள் அடித்தாள். சோதனை வரியை மீண்டும் அடித்தாள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி ஸ்பீக்கரில் ஹோவென்று ஓர் இரைச்சல் எழுந்தது. அறை முழுக்க அது நிறைந்தது. வாட்ச்மேன் ஓடிவந்தான். எல்பா சொய்லாவின் தலையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். டெலிபோன் கீழே விழுந்தது. தரையில் கிடந்த அதற்குள்ளிருந்து எல்பிதியோ சந்தியாகோவில் பாடிக்கொண்டிருப்பது கேட்டது.

அதற்கப்புறம் வாசிக்கிற குரலைக் கிளப்பினாள். மாத்ரித்காரன் இல்லை இது. மூக்கடைத்த குரல், வார்த்தையை வெட்டி வெட்டிப் பேசியது. "இவனுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றாள் எல்பா. இருக்கட்டும் என்றாள் சொய்லா. அணைத்து ஆன் செய்தாலும் கார்டு தானாக எழுந்துகொள்ளும்படி ஒரு பட்டியலில் அதையும் நம்பர்களையும் எழுதிவைத்தாள். மூன்று முறை அணைத்து, மூன்று முறை ஆன் செய்தாள். மூன்று முறையும் சளிக்காரன் வந்து வணக்கம் சொன்னான். யோர்தானிஸ் எப்போது எழுந்து போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

அன்று அவள் வீட்டுக்கு நடந்து போனபோது கடற்கரைச் சாலை முழுக்கத் தன்னுடையது மாதிரி இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். இருபத்துநான்கு வருடம் மற்றவர்களுக்கு லைன் கொடுத்தவள் அன்றைக்குத் தனக்கு ஒரு லைன் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள்: தோர்னெஸ், யூனியனிலிருந்து ஒரு பெண்மணி, பெர்சனல் ஆபீசர். யோர்தானிஸ் அட்டைக் கோப்போடு சுவரோரம் நின்றான். சொய்லா மெஷினை ஆன் செய்தாள். கிழட்டு மெஷின், நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. யூனியன் பெண்மணி பெருமூச்சு விட்டாள். பிறகு சளிக்காரன் பேசினான். நிக்கேரோ ஐஸ் கிடங்கு நம்பர் கேட்டார்கள். பெர்சனல் ஆபீசர் பேனாவைத் திறப்பதற்குள் சொன்னாள். பீலோன் இறால் பண்ணை கேட்டார்கள். சொன்னதோடு லைனும் போட்டுக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் பண்றீங்க தோழரே," என்றார் பெர்சனல் ஆபீசர். "ஆனா இங்க எனக்கு ஒரு குறிப்பு இருக்கு. வியாழக்கிழமை தேதி. இந்த மெஷினும் புது சிஸ்டமும் ஒத்துவராதுன்னு. கோப்புலயும் குறிப்புலயும் ஒரே கார்டுதான். அப்ப இது எப்படிப் பேசுது? இது பழைய சிஸ்டம் இல்லைன்னு நான் எப்படி நம்புறது?"

"திரையப் பாருங்க" என்றாள் சொய்லா.

"திரை எந்த மாதிரி வேணும்னாலும் மாத்தி வைக்கலாம். எனக்குக் காகிதம் வேணும். காகிதம் ஒத்துவராதுன்னு சொல்லுது. காகிதம் அப்படிச் சொல்லும்போது நான் தகுதின்னு எழுத முடியாது."

சொய்லாவுக்குப் பதில் தெரியும். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள். கீபோர்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. செய்து முடித்த வேலை அவர்கள் கண்ணெதிரே இருக்கிறது, பேசுகிறது, அதை ஒரு காகிதம் இல்லை என்கிறது.

"காகிதம் தப்பு," என்றது சுவரோரக் குரல்.

எல்லோரும் திரும்புகிற சத்தம் கேட்டது.

"கோப்புல உள்ள கார்டு செத்து மூணு வருஷம் ஆச்சு. உள்ள இருக்கிறது வேற கார்டு. நான் எட்டுத் தடவ பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கேன். வியாழக்கிழமை குறிப்பும் பாக்காமதான் எழுதினேன்." யோர்தானிஸ் சுவரோரத்திலிருந்து மேஜைப் பக்கம் வந்தான். "சீலக் கிழிச்சுப் பாத்துக்கலாம். இப்பவே."

கிழித்தார்கள். மூன்று கையெழுத்துக்கு அங்கேயே மூன்று பேர் இருந்தார்கள். திருகாணி கழல்கிற சத்தம், மூடி திறக்கிற சத்தம். தோர்னெஸ் குனிந்து பார்த்தார்.

"உன் விஷயத்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்துக்கிறேன்," என்றார் யோர்தானிஸிடம். "இது எந்தக் கார்டுன்னு கண்டுபிடிச்சது யாரு?"

"அக்காதான்."

"பெட்டியத் திறக்காமலா?"

"திறக்காமதான்."

"டிரைவர் போட்டது?"

"அதுவும் அவங்கதான். நான் பாஸ்வேர்ட் மட்டும் சொன்னேன். கிட்ட போனா அடிக்க வர்றாங்க."

யூனியன் பெண்மணி சிரித்துவிட்டாள். தோர்னெஸ் கோப்பை வாங்கிப் புதுப் பக்கம் திருப்பினார். கார்டின் பெயரை எழுதினார், நம்பர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். "டிரைவரப் பொருத்தியவர் கையெழுத்து வேணும்," என்றார். பெர்சனல் ஆபீசர் பையைத் திறந்து மைப்பெட்டியை எடுத்து, சொய்லாவின் கட்டைவிரலைப் பிடித்தார். மாதா மாதம் சம்பளத் தாளில் அவர்கள் அப்படித்தான் வாங்குவார்கள். அது சீக்கிரம் முடிகிற வேலை என்று அவளும் இத்தனை நாள் ஒன்றும் சொன்னதில்லை.

அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

"பேனா குடுங்க. எங்க போடணும்னு ஒரு ஸ்கேல் வெச்சுக் காட்டுங்க."

கொடுத்தார்கள். பத்தொன்பது வயதுவரை எழுதிய கை அது. மெதுவாக எழுதினாள், முழுப் பெயரையும், கடைசி எழுத்தின் வால் வரைக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்துக் கோப்பைத் தோர்னெஸ் பக்கம் தள்ளினாள்.

"வாசிங்க, டைரக்டர் தோழர்."

அவர் வாசித்தார். "பொருத்தியவர், சொய்லா வெர்தேசியா அரியாஸ். டெலிபோன் ஆபரேட்டர்."

சொய்லா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சரியாக் கேக்கல," என்றாள். "இன்னொரு தடவ வாசிங்க."

தோர்னெஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இந்தமுறை இன்னும் சத்தமாக வாசித்தார்.